பாலத்துக்கு அப்பால், மரமிருந்த பக்கம்

கண்டி
1884 மே 22

ராத்தாவுக்குத் தம்பி தாஸிம் ஸலாம் சொல்லி எழுதுவது.

கண்டதும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். புடவைச் சுமை கொண்டுவரும் முனாப் நானாவிடம் இதைக் கொடுத்து, மச்சான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உருவப் படம் பிடிக்கிற கை தன் வாசற்படியைத் தொடக் கூடாது என்றார் அவர். சரி, நான் தொடவில்லை. கண்டியிலிருந்து மடவளைக்கு ஒரு காலை நடைதான். ஆனாலும் தொடவில்லை.

விஷயம் இதுதான். செத்துப்போன ஒரு வெள்ளைக்காரப் படக்காரனின் சாமான்களை எங்கள் படக்கடை முதலாளி மயில்வாகனம் ஐயா மொத்தமாக எடுத்தார். அதில் பழைய படங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. முக்கால்வாசி பூஞ்சணம். நல்லதாய்க் கிடந்தவற்றில் ஒன்றின் முதுகில் ‘மடவளை’ என்று எழுதியிருந்தது. கடுதாசியில் அச்சிட்டது இல்லை, கண்ணாடியிலேயே விழுந்த படம், பின்பக்கம் கறுப்புப் பூசியது. இந்த மாதிரி இப்போது யாரும் பிடிப்பதில்லை.

பாலத்துக்கு அப்பால் இருந்த, காப்பி மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கிகள் இரண்டும் அதில் நிற்கின்றன, தெருவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வண்டிகள், மாடுகள், மூட்டைகள். நமக்கு விவரம் தெரிந்தபோது இடிந்த சுவர்தானே இருந்தது? இப்போது அதுவும் இல்லை. படத்தில் ஏழெட்டு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒருவரையும் தெரியவில்லை. உம்மாவிடம் காட்டுங்கள். யாராவது தெரிந்த முகமாக இருந்தால் எழுதுங்கள். எனக்கு அது போதும்.

பஞ்சில் சுற்றியிருக்கிறேன். கீழே போட்டால் உடைந்துவிடும்.

தாஸிம்

*

மடவளை
ஹிஜ்ரி 1301, ஷஃபான் பிறை 5

தம்பி தாஸிமுக்கு, ராத்தா சித்தி றலியா எழுதுவது. உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும்.

எனக்குத் தெரிந்த அறபு எழுத்தில்தான் தமிழை எழுதுகிறேன். உன் முதலாளி எட்டிப் பார்த்தாலும் அவருக்கு ஒன்றும் விளங்காது. அதுவும் நல்லதுதான்.

நீ வராதது உன் மச்சான் சொன்னதாலா, உன் வீம்பாலா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவருக்கும் இப்போது கோபப்படத் தெம்பில்லை. காப்பி இலையெல்லாம் மஞ்சள் பூத்து உதிர்ந்த பிறகு வண்டிக்கு வேலை ஏது? ஒரு சோடி மாட்டை விற்றாகிவிட்டது. மற்றச் சோடி நின்ற இடத்திலேயே தின்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் மண்வெட்டி வேலைக்குக் கூப்பிட்டார்கள். “வண்டிக்காரன் கூலிக்கு மண் வெட்டப் போறதா? அதுக்கு மாட்டோட சேந்து பட்டினி கிடப்பன்” என்கிறார். கிடக்கிறோம்.

படத்தை உம்மாவிடம் கொடுத்தேன். இனி நான் எழுதுவதை உட்கார்ந்து வாசி.

இடது பக்கக் கிட்டங்கிக்கு முன்னால் ஒரு பெரிய மரம் நிற்கிறதே, அதனடியில் சாய்ந்துகொண்டு சிரட்டையில் ஏதோ குடிக்கிறாரே ஒரு ஆள். அது வாப்பா.

உம்மா வெகுநேரம் பார்த்தாள். முகத்தைத் தடவினாள். பிறகு சட்டென்று படத்தை என் மடியில் போட்டுவிட்டு, “இது அவரில்ல புள்ள” என்றாள். “முகம் அவர்ட முகம்தான். ஆனா அவரு இடக் கையால குடிக்க மாட்டாரு. காய்ச்சல்ல கிடந்தப்பவும் குடிச்சதில்ல.” அன்று முழுக்க ஒரு வாய் சோறு உண்ணவில்லை. எனக்கு உன் மேல் கோபமாக வந்தது. இருபது வருடமாக ஆறிக் கிடந்த மனுஷியைப் போட்டுக் கிளறிவிட்டாய்.

பக்கத்து வீட்டு றமீஸா மாமி பார்த்துவிட்டு வாப்பாவேதான் என்று சத்தியம் பண்ணுகிறாள். மூட்டையில் உட்கார்ந்திருப்பது அவளுடைய அண்ணனாம். “அந்தத் தலப்பாக்கட்டு வேற எவனுக்கு வரும்?” என்று சிரித்தாள், பிறகு அழுதாள். தெருவிலிருந்து நாலு பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உருவப் படம் ஆகாது என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருத்தியும் இரண்டு தரம் பார்த்தாள்.

உன் மச்சானுக்கு இன்னும் தெரியாது. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

றலியா

*

கண்டி
1884 ஜூன் 4

ராத்தா,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதீர்கள். நான் பிறக்குமுன் போனவரின் முகத்தைத் துணியால் துடைத்து, பஞ்சில் சுற்றி, யாரோ ஒருவர் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். இப்போது அந்த முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. மரத்தைத்தான் நன்றாகப் பார்த்தேன். என் புத்தியைப் பாருங்கள்.

கை விஷயத்தில் உம்மா மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். இது என் தொழில், எனக்குத் தெரியும். படக்காரன் ஆட்களை அப்படியே விடமாட்டான். ‘இந்தக் கையை இறக்கு, அந்தக் கையை ஏற்று, முகத்தில் நிழல் விழுகிறது’ என்று ஆட்டிவைப்பான். நானே தினமும் அதைத்தான் செய்கிறேன். வெளிச்சத்துக்காகச் சிரட்டையை இடக் கையில் பிடிக்கச் சொல்லியிருப்பான். வெள்ளைக்காரனுக்கு எந்தக் கை என்று என்ன கவலை? வாப்பா உண்மையில் குடித்திருக்கவும் மாட்டார், சும்மா வாயில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். உம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

மற்ற ஆட்களின் பெயர்களையும் றமீஸா மாமியிடம் கேட்டு எழுதுங்கள். வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் நெட்டையன் யார்? யாருக்கும் பெயர் இல்லாமல் நம் ஊர் பெட்டிக்குள் கிடந்திருக்கிறதே என்று இருக்கிறது.

தாஸிம்

*

மடவளை
ஷஃபான் பிறை 22

தம்பி,

நீ சொன்னதை உம்மாவிடம் சொன்னேன். “வெள்ளக்காரன் செல்லித்தான் பிடிச்சாரா?” என்று ஒரு தரம் கேட்டாள். பிறகு படத்தைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்படியொரு சமாதானம் வேண்டித்தான் இருந்தது.

நெட்டையன் யார் என்று பிறகு கேட்கிறேன். இப்போது வேறு தலைவலி வந்திருக்கிறது.

பாலத்துக்கு அப்பால் தெருவுக்கு இரு பக்கமும் கிடக்கிற தரிசை ஒரு புதுத் துரை வாங்கிவிட்டார். குண்டசாலைப் பக்கம் செய்கிற மாதிரி கொக்கோ நடப் போகிறாராம். மாரி மழைக்கு முன் குழி வெட்டத் தொடங்குவார்கள். உனக்கு இதில் என்ன என்று கேட்காதே. வாப்பா அங்கேதான் கிடக்கிறார்.

நீ இதை முழுக்கக் கேட்டதில்லை, உம்மா யாரிடமும் சொல்ல மாட்டாள். வாப்பா பேதியில் போனபோது மையத்தை ஊருக்குள் கொண்டுவர விடவில்லை. கிட்டங்கி மரத்தடியிலேயே இரண்டு ஆண்கள் அடக்கிவிட்டு வந்தார்கள். அந்த வாரமே அவர்களையும் பேதி பிடித்தது. ஒருவர் தப்பிக் காயல்பட்டணம் போய்ச் சேர்ந்தார் என்றும் இல்லையென்றும் சொல்வார்கள், இடத்தைக் காட்ட ஒருவரும் மிஞ்சவில்லை. பேதியில் போன தோட்டத்து ஆட்களை ஆற்றங்கரையில் புதைத்தார்கள். மரத்தடியில் வைத்தது வாப்பா ஒருவரை மட்டும்தான். உம்மா அன்றே வாசல் தாண்டாமல் இத்தாவில் உட்கார்ந்தாள். நீ வயிற்றில் இருந்தாய். நீ பிறந்து இத்தா முடிந்து அவள் வெளியே வந்தபோது மழை எல்லாவற்றையும் வழித்துவிட்டது. தலைமாட்டில் அடையாளத்துக்கு மீசான் கட்டை நட்டிருந்தால் அதையும் யாரோ விறகாக்கியிருப்பார்கள். பிறகு ரயில் வந்தது, வண்டிகள் குறைந்தன, கிட்டங்கிகளைப் பிரித்தார்கள், மரத்தையும் வெட்டினார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் உம்மா முதல் தரம் பாலம் தாண்டிப் போனாள். மரம் எந்தப் பக்கம் நின்றது என்று இன்றைக்குக் கேட்டால் பாதிப் பேர் இந்தப் பக்கம் என்கிறார்கள், பாதிப் பேர் அந்தப் பக்கம். உம்மா இத்தனை வருடமும் அந்தத் தெருவால் போகும்போது இரண்டு பக்கமும் பார்த்து இரண்டு ஸலாம் சொல்லிக்கொண்டுதான் போனாள். நான் கூடவே போயிருக்கிறேன்.

பள்ளிவாசல் லெப்பையும் இன்னும் இருவரும் துரையைப் போய்ப் பார்த்தார்கள். ‘ஒரு பக்கத்தைக் காட்டுங்கள், ஒரு துண்டுக்கு வேலி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கேட்டால் ஒன்றும் கிடையாது’ என்று சொல்லிவிட்டாராம்.

ஆகவே கேட்கிறேன். உன் படத்தை நம்பலாமா?

றலியா

*

கண்டி
1884 ஜூன் 19

ராத்தா,

நம்பலாம். மனிதர்கள் பாதிப் பாதியாய்ப் பிரிந்து சண்டை போடட்டும், படத்துக்குக் கட்சி இல்லை. முன்னால் எது நின்றதோ அதுதான் விழும்.

போன மாதம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் பழைய கடுதாசிப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு நான் அங்கேயே போய் நின்று பார்த்தேன். ஆற்றங்கரைக் கடை, திருப்பம், பாறை எல்லாம் படத்தில் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு இம்மி பிசகில்லை.

நம் படத்தின் அடியில் பாலத்துக் கைப்பிடிச் சுவர் தெரிகிறது. ஆகவே படக்காரன் பாலத்தில் நின்று கண்டிப் பக்கம் பார்த்துப் பிடித்திருக்கிறான். பின்னால் மலை பனியில் மறைந்துவிட்டது, பரவாயில்லை. அதே இடத்தில் நின்று பாருங்கள். இடது கைப் பக்கம்தான் மரம். இடது பக்கம் வேலி போடச் சொல்லுங்கள். நான் பொறுப்பு.

இப்படியாவது என் தொழில் வாப்பாவுக்கு உதவட்டும். இதை மச்சான் காதில் விழும்படி வாசியுங்கள்.

தாஸிம்

*

மடவளை
ஷவ்வால் பிறை 3

தம்பி,

நோன்பும் பெருநாளும் நீயில்லாமல் போயின. உனக்கென்று எடுத்துவைத்த தொதலை எறும்பு தின்றது.

நீ சொன்னபடியே வாசித்தேன். உன் மச்சான் எழுந்துபோய் உம்மாவின் தலையணைக்குக் கீழிருந்து படத்தை எடுத்தார். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. சால்வைக்குள் மறைத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். யாரோ பார்த்துவிடுவார்கள் என்று களவுகோழி கொண்டுபோகிறவன் மாதிரி போனார் என்று றமீஸா மாமி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அங்கே லெப்பையே சால்வையை விலக்கிப் படத்தைப் பார்த்தாராம். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். இடது பக்கம் என்று முடிவாயிற்று.

மூங்கில் வேலி போட்டாயிற்று. உம்மாவை மாட்டு வண்டியில் கொண்டுபோய்த் தெருவில் நிறுத்திக் காட்டினார் உன் மச்சான். அன்றிலிருந்து உம்மா தூங்குகிறாள் தம்பி. அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. என் வயதுக்கு இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆனால் உடம்பு சரியில்லை. இருமல் விடவில்லை. “என்னையும் அங்கனயே வெச்சிருங்க, அவருக்குப் பக்கத்துல” என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். நல்ல வார்த்தை பேசுங்கள் உம்மா என்றால், “இதவிட நல்ல வார்த்த என்ன ஈக்கி?” என்கிறாள்.

நீ வந்தால் நல்லது. யார் என்ன சொன்னாலும்.

றலியா

*

கண்டி
1884 செப்டம்பர் 12

ராத்தா,

உம்மாவை அடக்கிவிட்டு நேரே இங்கே வந்துவிட்டேன். உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்ததற்குக் கோபப்பட வேண்டாம். வீட்டுக்குள் வரச் சொல்லி மச்சான் கூப்பிடவில்லை. அவர் கபுறு தோண்டிய கையோடு வேலி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார், அவ்வளவுதான். என்னையல்ல, மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

உம்மா உயிரோடிருக்கும்போது வந்திருக்க வேண்டும். வாப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்பது ஒன்றுதான் ஆறுதல். அந்த ஒன்றையாவது நான் செய்து கொடுத்தேன்.

தாஸிம்

*

கண்டி
1884 நவம்பர் 3

ராத்தா,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று கடுதாசியை வீணாக்கிவிட்டேன்.

நேற்று காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசு ஐயா கண்ணாடிப் படம் ஒன்றைக் கொண்டுவந்து சட்டம் போடச் சொன்னார். அவருடைய தகப்பனார் காலத்துப் படம். நம்முடையதைப் போலவே பின்பக்கம் கறுப்பு. தலதா மாளிகையை வாசலுக்கு நேரே நின்று பிடித்திருக்கிறது. அதில் எண்கோண மண்டபம் வாசலுக்கு மறுபக்கம் நின்றது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்கு வருகிறேன். பிடித்தவன் ஏதோ பிழை விட்டிருக்கிறான் என்று மயில்வாகனம் ஐயாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஓம், கண்ணாடிப் படமெல்லாம் அப்பிடித்தானே விழும். முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி, இடம் வலமாய். கடுதாசியிலை அச்சடிச்சால்தான் நேராய் வரும். உனக்கு உது தெரியாதோ?” என்றார்.

எனக்குத் தெரியாது ராத்தா. நான் கடைக்கு வந்த காலத்தில் எல்லாம் கடுதாசிப் படம். கண்ணாடிப் படம் ஒன்றை என் கையால் பிடித்ததில்லை.

உம்மா முதல் நாளே சொன்னாள். அவருடைய கையை அவளுக்குத் தெரியும். எனக்குத் தொழில் தெரியும் என்று நான் அவள் வாயை அடைத்தேன்.

உங்கள் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் படத்தைப் பிடித்துப் பாருங்கள். எனக்குத் தைரியமில்லை, படமும் இங்கில்லை. மரம் வலது பக்கம் நின்றால் உம்மா தெருவுக்கு இந்தப் பக்கம் தனியாகக் கிடக்கிறாள். வாப்பாவின் மேல் கொக்கோவுக்குக் குழி வெட்டப் போகிறார்கள்.

இதை மச்சானிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தாஸிம்

*

மடவளை
ஹிஜ்ரி 1302, முஹர்ரம் பிறை 22

தம்பி,

பார்த்தேன்.

கண்ணாடிக்குள் வாப்பா சோத்துக் கையால் குடிக்கிறார். மரம் வலப் பக்கம் நிற்கிறது. அவர் அவர்தான், உம்மாவுக்குத்தான் காட்ட முடியவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு அடுப்பு வேலை இருந்தது.

உன்னைத் திட்ட வேண்டுமென்று உட்கார்ந்தேன், வரவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது தம்பி. உம்மா போனபோது நிம்மதியாகப் போனாள். அவள் தூங்கிய தூக்கம் பொய்யில்லை. அதை உன் கணக்கில் வைத்துக்கொள். மற்றதையும் உன் கணக்கில்தான் வைக்க வேண்டும். நான் என்ன செய்ய?

உன் மச்சானிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே, “மாமிக்குக் கபுறு வெட்டும்போதே நெனச்சன்” என்றார். “அவ்வளவு பெரிய மரம் நிண்ட மண்ணுல ஒரு வேர்கூட மம்பெட்டில படல்ல.” ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். “மையத்த வெச்சிக்கிட்டா? அந்தப் பொடியன் அங்கன நிக்கக்குள்ளயா?” என்றார்.

அவர் அன்று உன் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் இது. எனக்கும் நேற்றுத்தான் தெரியும்.

வலப் பக்கம் காடு வெட்டியாகிவிட்டது. குழிக்குக் கயிறு பிடித்துக் குச்சி நட்டிருக்கிறார்கள். துரையிடம் நீ ஒரு தரம் கேட்டுப் பார். உனக்கு இங்கிலீசு வரும்.

றலியா

*

கண்டி
1884 நவம்பர் 17

ராத்தா,

போனேன். துரையைப் பார்க்க விடவில்லை. அவருடைய கிளாக்கர் கதிரையில் உட்காரவும் சொல்லாமல், ‘உங்கள் ஆட்கள்தானே இடது பக்கம் என்று கைகாட்டினார்கள்? அங்கே வேலியும் போட்டு மையமும் வைத்தாயிற்று. இனி மற்றப் பக்கம் என்றால் நாளைக்கு நடுத் தெருவையும் கேட்பீர்கள்’ என்றார். கண்ணாடிப் படம் எப்படி விழும் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் சிரித்தார். எனக்கே நான் சொல்வது கதை மாதிரி இருந்தது.

திரும்பும் வழியில் பாலத்தில் நின்றேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். உங்கள் வீட்டுப் புகை தெரிந்தது. வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

தாஸிம்

*

மடவளை
ஸஃபர் பிறை 25

தம்பி,

இதை முனாப் நானா கையில் கொடுக்காமல், கண்டிக்குப் போகிற லெப்பையின் மகனிடமே கொடுத்தனுப்புகிறேன். தாமதமாகக் கூடாது.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டிய மறுநாள் உன் மச்சான் மீதி இரண்டு மாட்டையும் அவிழ்த்துக்கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தார். வண்டியைப் பின்பக்கம் சாய்த்துவைத்தார். அதற்கு மறுநாள் விடியவே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்தில் ஆள் எடுக்கும் பிரட்டுக்குப் போய், குழி வெட்டும் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டார். கங்காணி இராமையாவுக்கு அவரை வண்டிக்காரராய்த் தெரியும். “என்ன முதலாளி, வெளையாட வந்தீங்களா?” என்று கேட்டதற்கு, வலப் பக்கத்து வரிசை எனக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். தெருவால் போகிற நம் ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். வீட்டுக்கு வந்தால் கைகளை விரிக்க முடியாமல் வைத்துக்கொண்டிருப்பார். நான் எண்ணெய் தடவிவிடுவேன். ஒன்றும் கேட்க மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து, கிணற்றடிக்குப் போகாமல், மண் கையோடு வாசலில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“மாமா அங்கதான் ஈக்காரு” என்றார்.

முதலில் பெரிய மரத்தின் வேர்கள் தட்டுப்பட்டனவாம், உளுத்துப்போய். பிறகு கையாலேயே மண்ணை வாரியிருக்கிறார். தலை வடக்கே, வலப்புறம் சரிந்து, முகம் மேற்கே கிப்லாவைப் பார்த்து. “சரியாத்தான் வெச்சிருக்காங்க, அந்த ரெண்டு பேரும். அவ்வளவு பயத்துலயும் சரியா வெச்சிருக்காங்க” என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஒருவருக்கும் தெரியாமல் மூடிவிட்டார். கங்காணி எண்ணிப் பார்ப்பான் என்பதால் அந்த இடத்தில் மேலோட்டமாக ஒரு குழி காட்டி, கன்று கொண்டுவந்தபோது தானே வாங்கி நட்டுவிட்டார். இப்போது அவருடைய பயமெல்லாம் அந்தக் கன்றைப் பற்றித்தான். வேர் ஆழமில்லாமல் நின்றால் காய்ந்துவிடும். காய்ந்தால் பிடுங்கிவிட்டு வேறு யாரையாவது விட்டு ஆழமாகத் தோண்டச் சொல்வார்கள். ஆகவே அந்த வேலையை இனி விட முடியாது என்கிறார். மழை இல்லாத நாளில், எல்லோரும் கலைந்துபோன பிறகு, வாய்க்காலில் தண்ணீர் மொண்டு அந்த ஒரு கன்றுக்கு ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார்.

நேற்று முதுகு பிடித்துக்கொண்டது, எழும்ப முடியவில்லை. படுத்தபடியே சொன்னார்: “தாஸிமுக்கு எழுது. நாளைக்கு நான் போக ஏலா. அவன வந்து தண்ணி ஊத்தச் செல்லு.”

றலியா